மஞ்சள் நுரை

எனக்கும் பாலுக்கும் இருந்த 46 வருட உறவு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முறிந்தது. முறித்து வைத்தவர் ஒரு வயிற்று டாக்டர்.

‘‘பால் குடிச்சா வயிறு உப்புசம், கடமுடா, ஓட்டம். எத்தனை நாளா?’’

‘‘ரெண்டு வருஷமா சார்.’’

‘‘அப்புறம் ஏன் ரெண்டு வருஷமா குடிச்சீங்க?’’

இதற்கு என்ன பதில் சொல்வது? காப்பி சார், காப்பி. காலை ஐந்தரைக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று, ஆபீசில் மூன்று, சாயங்காலம் ஒன்று. நாளைக்கு ஆறு டம்ளர் பால் குடித்துவிட்டு வயிறு சரியில்லை என்று ஊரெல்லாம் இஞ்சி மரப்பா வாங்கித் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

விஷயம் எளிமையானது. பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. அதை உடைப்பதற்குச் சிறுகுடலில் லாக்டேஸ் என்று ஒரு நொதி சுரக்க வேண்டும். குழந்தையில் தாராளமாகச் சுரக்கும். வளர வளர, ‘இன்னுமாடா பால் குடிக்கிறே?’ என்று அதுவே கடையைச் சாத்த ஆரம்பிக்கும். உலகத்துப் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இதுதான் நிலைமை. நம் நாட்டில் வடக்கைவிடத் தெற்கே இது அதிகம். ஆக, இது வியாதியே இல்லை. ஆனாலும் ஃபில்டர் காப்பிக்குப் பிறந்த ஒரு ஜனத்திரளுக்கு இயற்கை செய்திருக்கும் குறும்பை நான் மன்னிப்பதாக இல்லை.

நிற்க. காப்பி போனதுகூடப் பெரிதில்லை. ஐந்தரை மணி போனதுதான் பெரிது.

அப்பா போனபிறகு அம்மா எங்களோடு இருக்கிறாள். வயது 74. அவளுக்குத் தூக்கம் நாலரைக்கே கலைந்துவிடும். பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கி, பால் பொங்கி, ஐந்தரைக்குச் சமையலறை ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் நானும் அவளும் உட்காருவோம். ஆளுக்கொரு டவரா. அந்த அரை மணியில்தான் அவள் பேசுவாள். யார் வீட்டில் கல்யாணம், எந்த மாத்திரை தீர்ந்துவிட்டது, அப்பா 1978-இல் ஆபீஸ் பணத்தைத் தொலைத்துவிட்டுத் திணறியது, முழங்கால் வலி. மற்ற நேரத்தில் கேட்டால், ‘எனக்கென்ன, நன்னாதான் இருக்கேன்’ என்பதோடு சரி.

பால் நின்ற பிறகு நான் ஆறரைக்கு எழுந்திருக்க ஆரம்பித்தேன். கையில் டம்ளர் இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார என்னவோ போலிருந்தது. அவளும், ‘உன்னைப் பக்கத்துல வெச்சுண்டு எனக்கு மட்டும் காப்பி இறங்குமா?’ என்று நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

பால் இல்லாத காப்பி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வெறும் டிகாக்‌ஷனைக் குடித்துப் பார்த்தேன். அது காப்பி என்று புத்திக்குத் தெரிகிறது, நாக்குக்குத் தெரியவில்லை. எனக்கு வேண்டியது அந்தக் கொழகொழப்பு. நாக்கில் படிந்து, தொண்டையில் வழுக்கி இறங்குகிற சமாசாரம். அதற்குத் தமிழில் ஒரு நல்ல வார்த்தை உண்டு. திக்.

சோயா பால் வாங்கினேன். சூடான டிகாக்‌ஷனில் விட்டதும் திரிதிரியாகப் பிரிந்தது. காப்பியின் புளிப்பும் சூடும் சேர்ந்தால் சோயாவின் புரதம் திரிந்துவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தேங்காய்ப்பால் விட்டதில் காப்பி ஆப்பத்தை ஞாபகப்படுத்தியது. பாதாம் பால் என்ற பேரில் விற்பது, என் சொந்தக் கருத்து, பாதாம் கழுவின தண்ணீர்.

அடுத்தது பொடி. ‘நான்-டெய்ரி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பொட்டலம். நான் பி.காம். படித்தவன். அந்தப் படிப்பினால் என் வாழ்வில் விளைந்த ஒரே நன்மை, பாலன்ஸ் ஷீட்டில் அடிக்குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்கிற புத்தி. பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் குளுக்கோஸ் சிரப், பதப்படுத்திய பாமாயில் வகை எண்ணெய், சோடியம் கேசினேட் என்று இருந்தது. கேசினேட் என்பது பாலின் புரதத்திலிருந்து எடுப்பது. பால் இல்லை என்று முன்பக்கம், பால் சரக்கு பின்பக்கம். லாக்டோஸ்தான் பிரச்னை என்கிற என்னைப் போன்றவனை இது பெரிதாகப் படுத்தாது. பால் புரதமே அலர்ஜி என்கிற குழந்தைக்கு இது விஷம். நீங்கள் பின்பக்கத்தைப் படிக்கிற ஜாதியா? இல்லையென்றால் இன்று முதல் மாறிவிடுங்கள்.

இந்த நிலைமையில்தான் ஹனோய் வந்து சேர்ந்தது.

வியட்நாமுக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுப் பாதிரிமார்கள். 1857 என்று கணக்கு. இன்றைக்கு உலகத்தில் பிரேசிலுக்கு அடுத்தபடி காப்பி விளைவிப்பது அந்த நாடுதான். பெரும்பாலும் ரொபஸ்டா. கசப்பு தூக்கலான ஜாதி. டம்ளர் தலையில் ஃபின் என்றொரு குட்டி உலோக வடிகட்டியை உட்கார்த்தி, சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். நம் ஃபில்டருக்கு அது ஒன்றுவிட்ட தம்பி.

1946-இல் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை மூண்ட நேரத்தில் ஹனோயில் பாலுக்குத் தட்டுப்பாடு. மெட்ரோபோல் ஹோட்டலில் பாரில் வேலை பார்த்த நுயென் வான் ஜாங் என்பவர், பாலுக்குப் பதிலாக முட்டையின் மஞ்சள் கருவை நுரைக்க நுரைக்க அடித்துக் காப்பியின் மேல் போட்டார். பிடித்துப்போயிற்று. வேலையை விட்டுவிட்டுத் தன் பேரிலேயே கடை வைத்தார். நுயென் ஹூ ஹுவான் தெருவில், சந்துக்குள் நுழைந்து போனால், அந்தக் கடையை இன்றும் அவர் குடும்பம்தான் நடத்துகிறது. 2019 பிப்ரவரியில் டிரம்ப்பும் கிம்மும் ஹனோயில் சந்தித்தபோது, உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்த பத்திரிகையாளர்களுக்கு அந்தக் கடைக் காப்பி இலவசமாகக் கிடைத்தது. என் ஆபீசிலிருந்து யாரையும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் பேச்சுவார்த்தை முறிந்த செய்தியைவிடக் காப்பியைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருப்பேன், அந்த பயமாகக்கூட இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், பால் இல்லாததால் பிறந்த அந்தக் காப்பியில் இப்போது கெட்டிப்பால் சேர்க்கிறார்கள். வசதி வந்தால் பால் வந்துவிடும் போலிருக்கிறது. எனக்கு வேண்டியது வசதி வருவதற்கு முந்தைய காப்பி. மஞ்சள் கரு, சர்க்கரை, டிகாக்‌ஷன். முடிந்தது.

ஏன் மஞ்சள் கரு? ஒரு மஞ்சள் கருவில் சுமார் ஐந்து கிராம் கொழுப்பு இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நமக்குத் தெரியும். மஞ்சள் கருவுக்குள் லெசித்தின் என்றொரு தரகர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையால் கொழுப்பையும் மறுகையால் தண்ணீரையும் பிடித்து, பிரியாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மஞ்சள் கருவுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அவருக்கு அந்தப் பேரே வந்தது. பாலில் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக மிதப்பதால்தான் நாக்குக்கு அந்தத் திக் கிடைக்கிறது. அதே காரியத்தைக் கோழி தன் பாணியில் செய்து வைத்திருக்கிறது. அடிக்க அடிக்கக் காற்றும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். நுரை இலவசம்.

எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழைந்ததே என் பையன் பிறந்த பிறகுதான். டாக்டர் கொடுக்கச் சொன்னார். அம்மா தடுக்கவில்லை. ஆனால் அதற்கென்று ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, சிங்க்கில் ஒரு மூலை என்று எல்லை போட்டுவிட்டாள். அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பரிசோதனையை நடத்தினேன். கொதிக்கக் கொதிக்க டிகாக்‌ஷன். அதில் ஒரு மஞ்சள் கருவை விட்டு, கரண்டியால் கலக்கினேன்.

காப்பியில் பொடிமாஸ் மிதந்தது.

அதைப் பார்த்த என் மனைவி, ‘‘மிளகுத் தூள் வேணுமாங்க?’’ என்றாள்.

எனக்கு வழி காட்டியவர் கீழ்வீட்டு அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். 1995 இடப்பெயர்வில் ஊரைவிட்டுக் கிளம்பி, எங்கெங்கோ இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். ஹனோயில் முட்டைக் காப்பி என்று ஒரு அதிசயம் இருக்கிறது தெரியுமா என்று மாடிப்படியில் நின்று அவரிடம் பிரஸ்தாபித்தேன். அக்கா சிரித்துவிட்டார்.

‘‘இதென்ன தம்பி அதிசயம்? முட்டைக் கோப்பி எண்டா எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும். சோதினைக்குப் படிக்கிற பிள்ளையளுக்கு விடியக்காலமை அம்மாமார் அடிச்சுக் குடுப்பினம். அப்பாவுக்கெண்டா அதுக்குள்ள கொஞ்சம் பிராந்தியும் விடுவினம்.’’

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தென்சீனக் கடலோரம் வரை போய்த் தேடிய பொருள் பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கம், என் பாஷையிலேயே பேர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கூகுளுக்கு முன்னால் கீழ்வீட்டில் கேட்டிருக்கலாம்.

என் பொடிமாஸ் கதையைச் சொன்னேன்.

‘‘நீங்கள் கோப்பிக்குள்ள முட்டைய விட்டிருக்கிறியள். முட்டைக்குள்ளதான் கோப்பிய விடோணும். முதல்ல சீனியும் முட்டையும் போட்டு, வெடுக்கு மணம் போகுமட்டும் அடிக்கோணும். பிறகு கோப்பிய நூல் மாதிரி மெல்ல மெல்ல விட்டு, விட்டு, அடிச்சுக்கொண்டே இருக்கோணும்.’’

அவ்வளவுதான் சூட்சுமம். மஞ்சள் கரு சுமார் 65 டிகிரி செல்சியசில் கெட்டிப்பட ஆரம்பித்து 70-இல் இறுகிவிடும். கொதிக்கும் டிகாக்‌ஷனில் திடீரென்று தூக்கிப் போட்டால் என்ன செய்யும், பாவம்? கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைப் பழக்க வேண்டும். சர்க்கரையும் கூட இருந்தால் அது இறுகுவது இன்னும் சற்றுத் தள்ளிப்போகும்.

‘‘நீங்க கடைசியா எப்பக்கா குடிச்சீங்க?’’ என்று கேட்டேன்.

‘‘அந்த வருசம்தான். பிறகு கோழியளத் திறந்து விட்டிட்டு வெளிக்கிட்டனாங்கள்.’’

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் மேலே ஒன்றும் சொல்லாமல், ‘‘ஒரு முட்டைக்கு ரெண்டு தேக்கரண்டி சீனி’’ என்றார்.

மறுநாள் வந்துவிட்டது காப்பி. மஞ்சள் கருவும் சர்க்கரையும் வெளுத்து, தூக்கினால் நாடா மாதிரி வழிகிற பதம் வரைக்கும் அடித்து, டிகாக்‌ஷனை நூலாக விட்டேன். கலக்கியபோது வந்தது சாட்சாத் ஃபில்டர் காப்பியின் நிறம். வாயில் வைத்தேன். பால் காப்பி என்று சொல்ல மாட்டேன், பொய் சொன்னால் வாய் வெந்துவிடும். ஆனால் திக். இரண்டு மாதம் கழித்து என் தொண்டையில் ஒரு காப்பி வழுக்கி இறங்கியது.

ஐந்தரைக்கு அலாரம் வைத்தேன். நாற்காலி திரும்பக் கிடைத்தது. மூன்று வாரம் தினமும் குடித்தேன். அம்மா என் டம்ளரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டாள்.

நாலாவது வாரம் ஒரு ராத்திரி காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி. விடிவதற்குள் ஆளே பாதியாகிவிட்டேன். அதே டாக்டர். சாப்பிட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பச்சை முட்டை என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

‘‘பாலை நிறுத்தச் சொன்னா, சால்மொனெல்லாவை ஆரம்பிச்சிருக்கீங்களே சார்.’’

பரிசோதனைக்கெல்லாம் அனுப்பவில்லை. முதல் நாள் தெருக்கடையில் பானிபூரியும் தின்றிருந்தேன். குற்றவாளி யார் என்று கடைசி வரை நிரூபணமாகவில்லை. சந்தேகத்தின் பலனைக் கோழிக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் என் சந்தேகம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

சால்மொனெல்லா என்றால் சால்மன் மீனுக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. டேனியல் சால்மன் என்கிற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பேர். இந்தக் கிருமியில் ஒரு வகை, கோழியின் முட்டைப்பைக்குள்ளேயே குடியிருந்து, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடக்கூடியது. ஆக, ஓட்டை எத்தனை தேய்த்துக் கழுவினாலும் உள்ளே இருப்பது இருக்கும். பிரிட்டனில் 1988 டிசம்பரில் எட்வினா கரி என்கிற துணை மந்திரி, நாட்டின் பெரும்பாலான முட்டைகளில் இது இருக்கிறது என்று போட்டு உடைத்தார். முட்டை விற்பனை படுத்தது, அவர் பதவி போயிற்று. அதன் பிறகு கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, சிங்க முத்திரை குத்தி, 2017-இல்தான் முத்திரை போட்ட முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும்கூடப் பச்சையாகச் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர அமைப்பு அறிவித்தது. என் தெரு அண்ணாச்சி கடை முட்டையில் சிங்கமும் இல்லை, முயலும் இல்லை.

நம் ஊரிலும் பச்சை முட்டைக்கு மரியாதை உண்டு. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையை நல்லெண்ணெயோடு கொடுப்பார்கள். ஜிம்முக்குப் போகிற பையன்கள் பாலில் நான்கைந்தை உடைத்து ஊற்றி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார்கள். வெந்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை உடம்பு எடுத்துக்கொள்கிறது, பச்சை முட்டையில் ஐம்பதுதான் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் பையன்களிடம் யாராவது சொன்னால் தேவலை.

முட்டைக்கு முட்டை கிருமி இருப்பதில்லை. வருடக்கணக்காகக் குடித்தும் ஒன்றும் ஆகாதவர்கள் ஏராளம். நான் ஒருவன் மட்டும் என்றால், விதி விட்ட வழி என்று தொடர்ந்திருப்பேன். ஆனால் பக்கத்து நாற்காலியில் 74 வயது. எனக்கு இரண்டு நாள் படுக்கை என்றால், அந்த வயதில் அதே கிருமி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகும். அவள் முட்டை சாப்பிடுவதில்லைதான். ஆனால் ஒரே மேடை, ஒரே சிங்க், ஒரே துடைக்கிற துணி. முட்டை பட்ட விரலால் நான் அவள் டவராவைத் தொட்டால் போதும். ‘அந்தக் கரண்டி இந்தப் பக்கம் வரப்படாது’ என்று அவள் போட்ட எல்லையை இத்தனை வருடமாக மடி, ஆசாரம் என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த எல்லைதான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

கோடு தாண்டாமல், முட்டையையும் பச்சையாக விடாமல் ஒரு வழி தேடினேன். இத்தாலிக்காரர்கள் ஏற்கெனவே வைத்திருந்தார்கள். மஞ்சள் கருவும் சர்க்கரையும் அடித்துக் காப்பி விட்டு அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கே கொடுப்பது உண்டு. அதையே ஒயின் சேர்த்து, வெந்நீர் ஆவியின் மேல் பாத்திரத்தை வைத்து, நுரைக்க அடித்தால் ஜபாயோனே என்கிற பலகாரம். ஒயினை எடுத்துவிட்டு டிகாக்‌ஷனைப் போட்டுக்கொண்டேன்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு மஞ்சள் கரு, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் டிகாக்‌ஷன், மூன்றையும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக் கலக்குங்கள். இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர் லேசாகத் தளதளக்கட்டும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடாமல் அதன்மேல் உட்கார வேண்டும். கையை எடுக்காமல் அடிக்க வேண்டும். போன் வந்தால் எடுக்கக் கூடாது. எடுத்தால் பொடிமாஸ். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அமெரிக்க உணவுத் துறை சொல்கிற கணக்கு 71 டிகிரி. முள் அங்கே தொட்டதும் கிண்ணத்தை இறக்கி, இன்னும் இரண்டு நிமிடம் அடித்தால் வெளுத்து, பொங்கி, கிண்ணம் கொள்ளாமல் வரும். டம்ளரில் திக்கான டிகாக்‌ஷனும் கொஞ்சம் வெந்நீரும் விட்டு, மேலே இதைச் சரித்தால் ஹனோய். கலக்கிவிட்டால் மயிலாப்பூர். டவராவில் ஆற்ற மட்டும் வேண்டாம், நுரை அடங்கிவிடும்.

பச்சையாக அடித்ததில் நுரை இன்னும் லேசாக, பஞ்சு மாதிரி இருக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் வாடை அறவே இல்லை. திக்கும் ஒரு படி கூடுதல். செய்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது என்பது மட்டும்தான் குறை. அதற்காக ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன். என் மனைவி இதை நம்பாமல் ஒரு வாரம் அலாரத்தைச் சோதித்துப் பார்த்தாள்.

போன மாதம் தெர்மாமீட்டரோடு பால்கனிப் பக்க மேடையில் நான் நின்றுகொண்டிருந்தபோது அம்மா ஃபில்டரைத் திறந்தாள். முதல் டிகாக்‌ஷன் அப்பாவுக்கு. அது எங்கள் வீட்டுச் சட்டம். அவர் போனபிறகு அம்மா எடுத்துக்கொண்டாள், இரண்டாவதுதான் எனக்கு. அன்றைக்கு முதல் டிகாக்‌ஷனை அப்படியே ஒரு டம்ளரில் ஊற்றி, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே என்னிடம் நீட்டினாள்.

‘‘உன்னோடதுல பால் இல்லையே. திக்கா இருந்தாத்தானே நன்னாருக்கும்?’’

வாங்கிக்கொண்டேன். டம்ளரின் கழுத்தில் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது.

‘‘இது என்னம்மா?’’

‘‘இது உன் டம்ளர். மத்ததோட கலந்துடாம இருக்க ஒரு அடையாளம். எத்தனை டிகிரி ஆச்சு, பாரு.’’

68.